திறந்த ஜன்னலும் வெள்ளையடித்த கூரையும்



கோடைக்காலம் வந்தால் சபைகளிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப இடம்பெறும். "பொது வார்டில் ஏழை நோயாளிகள் வெயிலில் வாடுகிறார்களே, நாங்கள் ஏ.சி. வாங்கித் தரலாமா?" என்பதே அது. சில குடும்பத்தார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பெற்றோரின் நினைவாக அதற்கென்று ஒரு தொகையையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அன்பினால் எழுந்த கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது முறையல்ல. ஆகவே இந்த மாதப் பாடத்தை இதற்கென்றே எழுதுகிறோம். அடைபட்ட அறையில் காற்று எப்படி நடக்கிறது, வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று அறிந்துகொண்டால், காணிக்கையை எங்கே வைப்பது என்பது தானே விளங்கும்.

மேலறையில் அநேக விளக்குகள்

அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் துரோவா பட்டணத்துக் கூட்டத்தைப் பற்றி வாசிக்கிறோம். பவுல் நடுராத்திரி மட்டும் பிரசங்கிக்கிறார். ஐத்திகு என்னும் வாலிபன் தூங்கி விழுகிறான். நம் பிரசங்கிமார் அநேகர் நீண்ட பிரசங்கத்தைக் குறித்துச் சிரிப்பதற்கே இந்தப் பகுதியைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் இதை எழுதிய லூக்கா ஒரு வைத்தியர். அவர் அந்த அறையைப் பற்றி மூன்று காரியங்களைக் குறித்து வைக்கிறார். அது மூன்றாம் மாடி. அங்கே அநேக விளக்குகள் எரிந்தன. அந்த வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்திருந்தான். எண்ணெய் விளக்குகள் பல எரிய, ஜனங்கள் கூடியிருந்த ஒரு மாடி அறையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு விளக்கும் ஒரு சிறு அடுப்பு. ஒவ்வொரு சரீரமும் வெப்பத்தையும் ஈரத்தையும் விடுகிறது. தூக்கத்துக்குக் காற்றுதான் காரணம் என்று வேதம் சொல்லவில்லை. நாமும் அப்படிச் சாதிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அறையின் நிலைமை எப்படியிருந்திருக்கும் என்று வார்டில் இரவு வேலை பார்த்த எவருக்கும் புரியும்.

நல்ல காற்று எதைச் செய்யும், எதைச் செய்யாது?

கிரிமியா யுத்தத்தின்போது, 1854ல், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் துருக்கியிலுள்ள ஸ்கூட்டரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். 1855ல் ஒரு சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைக் கழுவி, காற்றோட்டத்தைச் சீர்ப்படுத்திய பிறகு அங்கே மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. அதன்பின் அம்மையார் எழுதிய நூல்களில் முதலாவது வலியுறுத்தியது சுத்தமான காற்றையே. நோயாளியைக் குளிரில் நடுங்க வைக்காமல் அதைத் தரவேண்டும் என்றும் எச்சரித்தார். நீண்ட வார்டு, உயர்ந்த கூரை, இரண்டு பக்கமும் நேருக்கு நேர் ஜன்னல்கள் என்னும் அமைப்பு அவருடைய போதனையால் பரவியது. நம் நாட்டின் பழைய மிஷன் மருத்துவமனைகள் பலவற்றிலும் அதன் சாயலைக் காணலாம்.

காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் நல்ல காற்றே மருந்தென்று எண்ணினார்கள். பல மிஷன்கள் சேர்ந்து மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் ஏற்படுத்திய சானடோரியம் 1915ல் திறக்கப்பட்டது. டென்மார்க்கு தேசத்து மிஷனரி வைத்தியர் ஃப்ரிமொட் மொல்லர் அதை நடத்தினார். தாம்பரத்தில் 1928ல் டாக்டர் சவுரிமுத்து சானடோரியத்தைத் தொடங்கினார். பரந்த தாழ்வாரங்களும் மரநிழலும் அந்த வளாகங்களின் அடையாளம்.

பின்பு மருந்துகள் வந்தன. 1956ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி அக்காலத்து நம்பிக்கையை மாற்றியது. நோயாளிகளில் ஒரு பகுதியார் சானடோரியத்தில் தங்கினார்கள். மறு பகுதியார் நெருக்கமான ஏழை வீடுகளில் இருந்துகொண்டே சிகிச்சை பெற்றார்கள். இரு சாராரும் ஒரே மருந்துகளையே உட்கொண்டார்கள். ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரேவிதமாகக் குணமடைந்திருந்தார்கள். 1959ல் இது வெளிவந்தது. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இதுவும் ஒரு காரணமாயிற்று.

அப்படியானால் காற்றுக்கு வேலையில்லையா? இங்கேதான் நாம் நிதானித்து அறிய வேண்டும். காற்று காசநோயைக் குணமாக்குவதில்லை, மருந்துதான் குணமாக்குகிறது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கும், கஞ்சி கொண்டுவரும் மனைவிக்கும், இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியருக்கும் அந்த நோய் தொற்றாதபடி காப்பது காற்றே. நோயாளிக்கு மருந்து, அயலானுக்குக் காற்று என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காற்றில் பரவும் என்பது எப்படித் தெரிந்தது?

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டாக்டர் ரிச்சர்ட் ரைலி என்பவரும், அவருக்கு இந்த யோசனையைத் தந்த வில்லியம் வெல்ஸ் என்பவரும் ஒரு சோதனை செய்தார்கள். காசநோய் வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியாக மேலே ஒரு கூடத்துக்குக் கொண்டுபோய், அங்கே கூண்டுகளில் கினிப்பன்றிகள் என்னும் சிறு பிராணிகளை வைத்தார்கள். அவை எந்த நோயாளியையும் தொடவில்லை, கண்டதுகூட இல்லை. வார்டின் காற்றை மட்டும் சுவாசித்தன. மாதங்கள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாய் நோய்த்தொற்றுக்கு உள்ளாயின. புற ஊதாக் கதிர்களால் சுத்திகரித்த காற்றைச் சுவாசித்த மற்றொரு கூட்டத்துக்கு ஒன்றும் நேரவில்லை. இருமலில் புறப்படும் மிக நுண்ணிய துகள்கள் அறையின் காற்றிலே மணிக்கணக்காய் மிதக்கும் என்பது இதனால் உறுதியாயிற்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய் இதே பாடத்தை நமக்கெல்லாம் மறுபடியும் கற்பித்தது.

உலகக் காசநோயாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் நம் தேசத்தில் இருக்கிறார்கள். நோய் இன்னதென்று தெரிந்து மருந்து தொடங்கியவரால் ஆபத்து விரைவில் குறைந்துவிடும். காய்ச்சல் என்று சேர்க்கப்பட்டு, சளிப் பரிசோதனையின் முடிவு வராமல் பொது வார்டில் படுத்து இருமிக்கொண்டிருப்பவரே நம் கவலை. அவருக்கு இரண்டு முழம் தள்ளி இன்னொரு கட்டில் இருக்கிறது. அதில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இருக்கலாம். அவருடைய எதிர்ப்புச் சக்தியோ குறைவு.

பழைய வார்டுகள் தந்த சாட்சி

தென் அமெரிக்காவில் பெரு தேசத்தின் தலைநகரான லிமாவில் எட்டு மருத்துவமனைகளில் எழுபது அறைகளை ஓர் ஆய்வுக் குழுவினர் அளந்து பார்த்து, 2007ல் வெளியிட்டார்கள். ஓர் அறையின் கனஅளவுக்குச் சமமான புதிய காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை உள்ளே வருகிறது என்பதே அவர்களுடைய அளவுகோல். இதைக் 'காற்று மாற்றம்' என்று சொல்லுவோம்.

கதவு ஜன்னல்களைத் திறந்தபோது மணிக்கு 28 காற்று மாற்றங்கள் கிடைத்தன. மூடிய நிலையைக் காட்டிலும் இது 18 மடங்கு அதிகம். பெரும் செலவில் இயந்திரம் பொருத்திய தனியறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ 12. இன்னும் ஆச்சரியம், 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய வார்டுகளில் 40 கிடைத்தது; பிற்காலத்துக் கட்டடங்களில் 17தான். சிகிச்சை பெறாத காசநோயாளிகளோடு ஒரு நாள் முழுவதும் இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தொற்றும் என்றும் கணக்கிட்டார்கள். இயந்திரக் காற்றுள்ள அறையில் நூற்றுக்கு 39 பேர். புதுக் கட்டடத்தில் ஜன்னல்கள் திறந்திருந்தால் 33 பேர். பழைய வார்டில் 11 பேர்.

பழையது என்பதற்காக ஒரு வார்டை இடிக்க எண்ணுகிறவர்களும், ஜன்னலைப் பாதியாய்ச் சுருக்கி, பொய்க்கூரை மாட்டி 'அழகுபடுத்த' எண்ணுகிறவர்களும் இந்த எண்களைப் பார்ப்பது நல்லது.

ஒரு சிறு கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட வழிகாட்டியில், பொது வார்டில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் புதிய காற்று வேண்டும் என்றும், காற்றில் பரவும் நோய்களுக்கான அறையில் 160 லிட்டர் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதைக் கணக்கிட எளிய வழியும் தந்திருக்கிறது. காற்று நுழையும் திறப்பு, வெளியேறும் திறப்பு இவ்விரண்டில் எது சிறியதோ அதன் பரப்பைச் சதுர மீட்டரில் எடுங்கள். காற்றின் வேகத்தாலும் 0.65 என்னும் எண்ணாலும் பெருக்குங்கள்.

உதாரணமாக, 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள வார்டில் 20 கட்டில்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் 6 சதுர மீட்டர் திறப்பு. காற்றின் வேகம் நொடிக்கு அரை மீட்டர். முகத்தில் உணர்வதே அரிதான இளங்காற்று. விடை, நொடிக்கு 1,950 லிட்டர். ஒரு நோயாளிக்கு 97 லிட்டர். மணிக்குப் பன்னிரண்டரை காற்று மாற்றம். ஒரு பக்கத்து ஜன்னல்களில் பாதியை மூடினால் போதும், ஒருவருக்கு 49 லிட்டராகி அளவுக்குக் கீழே போய்விடுகிறது. மறுபக்கம் முழுதும் திறந்திருந்தாலும் பயனில்லை. வெளியே போக வழியில்லாத காற்று உள்ளேயும் வராது.

நம் முன்னோர் இதைக் கணக்கில்லாமலே அறிந்திருந்தார்கள். தெருவாசலில் நின்று பார்த்தால் நடை, முற்றம், கொல்லைக் கிணறு வரை ஒரே நேராய்த் தெரியும்படி வீடு கட்டினார்கள். தெற்கே தென்றல், வடக்கே வாடை, மேற்கே கோடை, கிழக்கே கொண்டல் என்று காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்தவர்கள் அவர்கள்.

காற்றே வீசாத நாளில் உயரம் உதவுகிறது. சூடான காற்று இலேசாகி மேலெழும்புகிறது. மேலே அதற்கு வழி இருந்தால் வெளியேறும்; கீழே அந்த இடத்தைப் புதுக்காற்று நிரப்பும். 2020க்குப் பின் வென்டிலேட்டர் என்றால் இலட்சக்கணக்கில் விலையுள்ள உயிர்காக்கும் இயந்திரம் என்றே எல்லாரும் அறிவார்கள். நம் கொத்தனார்களுக்கோ வெகுகாலமாய் அது ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி விடும் சிறு திறப்பின் பெயர். அந்த வென்டிலேட்டரும் தன் அளவில் உயிர்காக்கிறது. குளவி கூடு கட்டுகிறதென்று அதை அட்டை வைத்து அடைத்துவிடாதிருப்போமாக.

மின்விசிறியும் ஏ.சி.யும்

மின்விசிறி காற்றை அசைக்கிறது. வியர்வை உலர்வதால் உடல் குளிர்கிறது. ஆனால் அது புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே சுற்றிவிடுகிறது. சுவரில் மாட்டும் சாதாரண ஏ.சி.யும் அப்படியே. வெளியே இருக்கும் பெட்டி வெளிக்காற்றை உள்ளே அனுப்புகிறது என்று அநேகர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, அது உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை மட்டும் வெளியே விடுகிறது. அறைக்குள் இருக்கும் அதே காற்று குளிர்ந்து குளிர்ந்து மறுபடி வருகிறது. குளிர்ச்சி வீணாகாதபடி ஜன்னலையும் மூடிவிடுகிறோம். இருமிய மூச்சு அங்கேயே நிற்கிறது.

ஏ.சி. கூடாதென்று நாங்கள் சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அது வேண்டும். அங்கே வடிகட்டிய புதுக்காற்று வருவதற்குத் தனி ஏற்பாடும் வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு நேரடிக் காற்று ஆகாது, கதகதப்பு வேண்டும். நாங்கள் சொல்லுவது பொது வார்டைக் குறித்தே.

வெப்பத்தை எங்கே நிறுத்துவது?

"ஜன்னலைத் திறந்தால் கத்திரி வெயிலின் அனல் உள்ளே வருமே" என்பீர்கள். நியாயமான கேள்வி. வெப்பம் மூன்று வழியாய்ப் பயணம் செய்கிறது. இரும்புக் கரண்டியின் நுனி அடுப்பிலிருந்தால் காம்பு சுடுவது ஒரு வழி. காற்றோ நீரோ சுமந்து செல்வது இரண்டாம் வழி. அடுப்பைத் தொடாமலே முகத்தில் அனல் படுவது மூன்றாம் வழி.

மேல்மாடி வார்டில் பெரும் உபத்திரவம் கூரையிலிருந்தே வருகிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளத்தின் வழியாகச் சூடு மெதுவாய் இறங்குகிறது. வெளியே குளிர்ந்துவிட்ட பிறகும், இரவு எட்டு மணிக்கு, தளத்தின் அடிப்புறம் அனல் வீசுகிறது. படுத்திருப்பவரின் முகம் நேரே அதைப் பார்த்திருக்கிறது. இந்த அனலை ஜன்னலை மூடி நிறுத்த முடியாது. ஏ.சி. போட்டாலும் அந்தச் சூட்டோடு போராடியே மின்சாரத்தைத் தின்னும். வெப்பத்தை நிறுத்த வேண்டிய இடம் கூரையின் மேற்புறமே.

அதற்கான வழிகள் எளியவை. முதலாவது, தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதல், அல்லது வெள்ளை ஓடு பதித்தல். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பழைய முறைத் தளம் பழுதாகியிருந்தால் புதுப்பித்தல். மூன்றாவது, மேற்குச் சுவருக்கும் ஜன்னல்களுக்கும் நிழல்; அகன்ற சன்ஷேடு, தாழ்வாரம், வேப்பமரம். தென்னங்கீற்றுப் பந்தல் குளிர்ச்சிதான். ஆனால் 2004ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் மாண்டதை மறந்து, படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களின் தலைக்குமேல் அதைப் போடத் துணியமாட்டோம். நான்காவது, உலர்ந்த வெயிலடிக்கும் உள்நாட்டு ஊர்களில், உச்சிவேளையில் வெயில் பக்கத்துத் தாழ்வாரத்தில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி. அதன் வழியாய் வரும் காற்று குளிர்ந்து வரும். கடலோரத்தின் புழுக்கத்தில் இது அவ்வளவாய்ப் பயன்படாது. தட்டி காற்றின் வழியை முழுவதும் அடைத்துவிடாதபடியும் பார்க்க வேண்டும்.

கூரையையும் சுவரையும் நிழலால் மூடுங்கள். ஜன்னலையோ காற்றுக்குத் திறந்து விடுங்கள். இந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவே.

நாங்கள் செய்ய விரும்புவது

1. மேல்மாடிப் பொது வார்டின் தளத்தைப் பழுதுபார்த்து வெள்ளை ஓடு பதிப்பது.

2. இரண்டு கதவாய் நகரும் அலுமினிய ஜன்னல்களை மாற்றி, வெளிப்புறமாய் முழுதும் திறக்கும் ஜன்னல்களை வைப்பது. நகரும் ஜன்னலில் ஒரு சமயத்தில் பாதி மட்டுமே திறக்கும். மேலே சொன்ன கணக்கில் பாதி என்றால் என்னவென்று கண்டோம்.

3. கழற்றிக் கழுவக்கூடிய கொசுவலைச் சட்டங்கள். தூசி படிந்த வலை மூடிய ஜன்னலுக்குச் சமம்.

4. ஜன்னல்களை மறைத்து நிற்கும் பீரோக்களை நகர்த்த வேறிடம்.

5. இருமலோடு வருகிறவர்கள் காத்திருப்பதற்குக் கட்டடத்துக்கு வெளியே, நாற்புறமும் திறந்த ஒரு கொட்டகை.

இவற்றில் ஒன்றுக்கும் பெயர்ப் பலகை மாட்ட அழகான இடமில்லை. ஏ.சி. இயந்திரத்தின்மேல் நினைவுத் தகடு பளிச்சென்று தெரியும். கூரையின்மேல் பதித்த ஓட்டைக் காக்கைதான் பார்க்கும். இதை அறிந்துதான் உங்களிடம் கேட்கிறோம். நம் வார்டில் இரவு வேலை பார்க்கும் செவிலியப் பிள்ளைகள் இருபது, இருபத்திரண்டு வயதானவர்கள். வார்டில் உழைக்கும் செவிலியருக்குக் காசநோய் தொற்றும் அபாயம் பொதுமக்களுக்கு இருப்பதைவிட அதிகம். பெற்றோர் நம்மை நம்பி அவர்களை அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கு நாம் கர்த்தருக்குமுன் உத்தரவாதிகள்.

இதில் பணத்தால் முடியாத வேலையும் ஒன்றுண்டு. மார்கழிப் பனியில் நோயாளியின் வீட்டார் ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் துணியை அடைப்பார்கள். "காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும்" என்பது பாட்டிமார் சொல். அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. ஒரு போர்வை அதிகமாய்க் கொடுத்து, கட்டிலைக் காற்றின் நேர்வழியிலிருந்து சற்று விலக்கி, மேலேயுள்ள வென்டிலேட்டரைத் திறந்தே வைத்தால் அவர்களும் சம்மதிக்கிறார்கள். ஆகவே கம்பளிப் போர்வை அனுப்பும் மாதர் சங்கங்களும் காற்றோட்டத்துக்கே காணிக்கை கொடுக்கிறார்கள் என்று அறியுங்கள்.

உங்கள் ஆலயத்திலும் ஒரு காரியம் செய்யலாம். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்பாக, எத்தனை ஜன்னல்கள் இருக்கின்றன, எத்தனை திறக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெயின்ட் ஒட்டிக்கொண்டு திறக்காதவை, பாய்களும் நாற்காலிகளும் மறைத்தவை சில இருக்கும். வயதானவர்களும் கைக்குழந்தைகளும் கூடும் இடம் அது.

சிந்திக்க

தானியேல் தன் மேலறையின் பலகணிகளைத் திறந்து வைத்தே ஜெபித்தான். மூடியிருந்தால் அவனுக்கு ஆபத்து குறைந்திருக்கும். நம் சவுகரியத்துக்காக மூடியவை எவை? அயலானின் நன்மைக்காகத் திறக்க வேண்டியவை எவை?

நோவாவின் பேழைக்கும் ஒரு ஜன்னல் வேண்டுமென்று தேவன் சொன்னார். காப்பாற்றுவதற்கென்றே கட்டிய இடத்தில் ஜன்னல் ஏன் தேவைப்பட்டது?

ஜெபக் குறிப்புகள்

இரவுப் பணி செய்யும் செவிலியரின் ஆரோக்கியத்துக்காக. சளிப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நோயாளிகளுக்காக. வெயிலில் தளத்தின்மேல் நின்று வேலை செய்யப்போகும் கொத்தனார்களுக்காகவும் சித்தாள்களுக்காகவும். ஏ.சி.க்கென்று ஒதுக்கிய தொகையைக் கூரைக்குத் திருப்புவதா என்று யோசிக்கும் குடும்பங்களுக்காக. எப்படித் தீர்மானித்தாலும் உங்கள் அன்பை நாங்கள் நன்றியோடு பெற்றுக்கொள்ளுகிறோம்.

ஆதியிலே மண்ணான மனுஷனுக்குள் சுவாசத்தை ஊதினவர் உங்கள் வீடுகளையும் சபைகளையும் சுகத்தோடு காத்துக்கொள்வாராக. ஆமென்.